எஸ்15 சில்வியா: சூடான பிறகு ஐடில் (மிதிக்காமல் விடேக்க இஞ்சின் ஓடுற வேகம்) ஏறி இறங்குது, சிக்னல் லைட்டில நிண்டு போகுது. திரும்ப டியூன் பண்ணத்தான் வேணுமோ?

ஸ்காபரோ_சில்வியா எழுதினது:

வணக்கம் அண்ணாமார். நான் ரொறொன்ரோ, ஸ்காபரோ பக்கம். என்னட்ட இருக்கிறது 2000ஆம் ஆண்டு நிசான் சில்வியா எஸ்15 ஸ்பெக் ஆர், இஞ்ச கனடாவில 15 வருசம் கடந்த காரை இறக்கலாம் எண்டபடியா ஜப்பான் ஏலத்தில எடுத்து இறக்கினது. எஸ்ஆர்20டிஇடி இஞ்சின், டர்போ கம்பனி டர்போதான், ஃப்ரன்ட் மவுண்ட் இன்டர்கூலர், பெற்றோல் விசிறுற இன்ஜெக்டர் 740 சிசி (பிறகு பெரிய டர்போ போடுற யோசனையில போட்டது), 300இசட்எக்ஸ் இசட்32 எம்ஏஎஃப் (உள்ள போற காத்தை அளக்கிற சென்சர்), ஈசியு (இஞ்சின் கம்பியூட்டர்) கம்பனி ஈசியுதான் ஆனா உள்ளுக்க நிஸ்டியூன் போர்ட் (டியூன் நம்பரை மாத்த விடுற சின்ன சர்க்கிட்) போட்டிருக்கு. போன ஒக்டோபர்ல ஒரு கடையில குடுத்து டியூன் பண்ணி ரெண்டு கிழமை ஓடினனான், நல்லா இருந்தது. பிறகு பனிக்கு ரோட்டில உப்பு போடத் தொடங்கினதும் கராஜில மூடி வைச்சிட்டன்.

ஏப்ரல் கடைசியில வெளிய எடுத்தன். அண்டையில இருந்து கரைச்சல். குளிர்ல ஸ்டார்ட் பண்ணினா 1400ல வடிவா நிக்குது. சூடாகி ஊசி நடுவுக்கு வந்தாப் பிறகுதான் தொடங்கும், 700, 1300, 700, 1300 எண்டு ஒரு ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா ஏறி ஏறி இறங்குது, பக்கத்தில நிக்கிறவனுக்கு நான் அக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரித்தான் கேக்கும். லைட்டுக்குக் கிட்ட வந்து காலை எடுத்துக் கிளச்சை அமத்தினா நேரா 400க்கு விழுந்து நிண்டு போகுது. ஃபானும் ஹெட்லைட்டும் போட்டிருந்தா கட்டாயம் நிக்கும். எக்லிண்டன்ல நேற்று மூண்டு லைட்டில நிண்டது, பின்னால பஸ்.

வைட்பேண்ட் (காத்து, பெற்றோல் விகிதம் காட்டுற மீட்டர், நம்பர் குறைஞ்சா பெற்றோல் கூட) இருக்கு. ஐடில்ல 13க்கும் 16.5க்கும் இடையில ஆடுது, காலை எடுத்தவுடன 10க்கு விழும். ஆனா பூஸ்டில (டர்போ அழுத்தம் குடுக்கேக்க) ஒரு குறையும் இல்லை, 15 பிஎஸ்ஐல 11.4, இழுவை அந்த மாதிரி.

செய்து பாத்தது: ஐடில் வால்வைக் கழட்டிக் கழுவினன், பிளக் நாலும் மாத்தினன், எம்ஏஎஃப் கிளீனர் அடிச்சன். ஒண்டும் மாறேல்ல. டியூன் பண்ணின கடைக்கு எடுத்தா அவை பாக்கக்கூட இல்லை, "திரும்ப முழுசா டியூன் பண்ணவேணும், 900 டொலர்" எண்டு சொல்லீட்டினம். காசைக் குடுக்கிறதுக்கு முன்னம் உங்களிட்ட ஒருக்கா கேப்பம் எண்டுதான் எழுதிறன். டியூன் தானா பழுதாகுமோ?

கிள்ளான்_டர்போ எழுதினது:

ப்ரோ, நான் மலேசியா, கிள்ளான். நம்மகிட்டயும் எஸ்15 ஒண்ணு இருக்கு, இதே சீக்கு அப்படியே வந்துச்சு லா. கொஞ்சம் பொறுங்க, 900 டாலர்லாம் இப்ப குடுக்காதீங்க.

மொதல்ல ஒண்ணு கேக்குறேன். குளிர்காலத்துல காடி (கார்) சும்மா நின்னுச்சுன்னு சொல்றீங்க, அந்த நாலஞ்சு மாசத்துல ஏதாவது சாமான் மாத்துனீங்களா? சின்னதுனாலும் சொல்லுங்க. அக்டோபர்ல நல்லா ஓடுன காடி ஏப்ரல்ல ஓடலன்னா நடுவுல ஏதோ மாறியிருக்கணும், ஈசியுக்குள்ள இருக்கற நம்பரு தூங்கி எந்திரிச்சா மாறாது.

எனக்கு ஆனது என்னன்னா, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில ஒரு சின்ன வேக்கம் ஹோஸ், கண்ணுக்கே தெரியாது, கை விட்டு தடவுனாதான் வெடிச்சிருக்கறது தெரிஞ்சது. மூணு போமேன் (மெக்கானிக்) பாத்தாங்க, ஒருத்தர் ஐடில் வால்வ் மாத்தச் சொன்னாரு, இன்னொருத்தர் எம்ஏஎஃப் மாத்தச் சொன்னாரு, ரெண்டும் மாத்தி காசு போனதுதான் மிச்சம். கடைசில ஸ்மோக் டெஸ்ட் பண்ற இடத்துல குடுத்தேன், அஞ்சு நிமிசம், பொகை அங்கேருந்து நூலு மாதிரி எந்திரிச்சு வந்துச்சு. ஹோஸ் விலை ஒரு வேளை சாப்பாட்டுக் காசு.

கோவை_ஈசியு எழுதினது:

கிள்ளான் நண்பர் சரியாச் சொன்னாருங்க. தம்பி, உங்க கேள்விக்கு நேரா பதில்: இல்லீங்க, டியூன் தானா பழுதாகாது. நான் கோயமுத்தூர்ல ரேஸ் வண்டிகளுக்கு ஈசியு வேலை பாக்கறேன், இங்க இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக்ல இந்த மாதிரி வண்டி நெறைய கையில வந்திருக்குது. வண்டில காத்து ஒழுகுதோ, எர்த் சரியில்லையோ, அதச் சரி பண்ணாம லேப்டாப்ப வெச்சு மேல நம்பர் எழுதி ஸ்லோவ (நீங்க சொல்ற ஐடில்) நிறுத்தறது எனக்குச் சுத்தமாப் புடிக்காத வேலைங்க. இன்னைக்கு நிக்கும், ரெண்டு மாசங்கழிச்சு அந்த ஓட்டை பெருசானதும் மறுபடி ஆட ஆரம்பிச்சுரும், அப்ப எது நெசமான நம்பர், எது மறைக்கறதுக்குப் போட்ட நம்பர்னு யாருக்கும் தெரியாது.

நீங்க எழுதுனதுலயே பாதி பதில் இருக்குதுங்க. பூஸ்ட்ல நல்லா இருக்குது, ஸ்லோவுல மட்டும் கெடுதுன்னா, தப்பு எவ்வளவு பெருசோ அது எப்பவும் அதே அளவுதான் இருக்குதுன்னு அர்த்தம். ஸ்லோவுல இன்ஜின் குடிக்கற காத்து கொஞ்சம், அதுல ஒரு சின்ன ஓட்டை வழியா அளக்காத காத்து உள்ள போனா பெரிய பங்கு ஆயிரும். அதே ஓட்டை வண்டி முழு மூச்சா இழுக்கும்போது ஒரு பொருட்டே இல்ல. எம்ஏஎஃப் கொண்ட வண்டில இது ரொம்பத் தெளிவாத் தெரியும், ஏன்னா ஈசியு நம்பறது எம்ஏஎஃப் வழியாப் போன காத்த மட்டுந்தான்.

ஏன் ஏறி எறங்குதுன்னு கேட்டா, அளக்காத காத்து உள்ள வந்து ஆர்பிஎம் மேல போவுது, த்ராட்டில் மூடித்தான் இருக்குது, ஆனா ஆர்பிஎம் ஒரு அளவத் தாண்டுச்சுன்னா ஈசியு "சரி, எறக்கத்துல வர்றான், பெட்ரோல் வேண்டாம்"னு இன்ஜெக்டர நிறுத்திரும். ஆர்பிஎம் விழும். விழுந்ததும் மறுபடி பெட்ரோல் குடுக்கும், மறுபடி ஏறும். நீங்க சொன்ன ரெண்டு செகண்ட் தாளம் அதுதானுங்க. குளிர்ல ஏன் வரலைன்னா அப்ப ஈசியுவே ஸ்லோவ ஒசத்தி வெச்சுருக்குது, பெட்ரோலும் கூட ஊத்துது, அந்த நிறுத்தற அளவும் குளிர்ல மேல இருக்கும்.

ஆனா காலை எடுத்தா 10க்கு விழுதுன்னீங்களே, அது வேற கதை. ஓட்டைனா பெட்ரோல் கம்மியா இருக்கற பக்கம் போவணும், 10ங்கறது பெட்ரோல் தாறுமாறா ஜாஸ்தி. அளந்த காத்து எங்கியோ வெளிய போவுது. தம்பி, ப்ளோ ஆஃப் வால்வ் (காலை எடுத்ததும் டர்போ அழுத்தின காத்த விட்டுடற வால்வ்) என்ன போட்டிருக்கீங்க, திருப்பி இன்டேக்குக்கே விடறதா, வெளிய விடறதா?

ஸ்காபரோ_சில்வியா எழுதினது:

அண்ணை, இதை முதல் பதிவில எழுதியிருக்க வேணும், எழுதாமல் விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஜனவரியில கராஜில நிக்கேக்க வெளிய விடுற ப்ளோ ஆஃப் வால்வ் ஒண்டு போட்டனான், கம்பனி வால்வைக் கழட்டி இன்டேக் பைப்பில இருந்த வாயை அடைச்சிட்டன். சத்தத்துக்காகத்தான் போட்டது. அது பூஸ்டில மட்டும் வேலை செய்யிற சாமான், ஐடிலுக்கும் அதுக்கும் என்ன எண்டு நினைச்சு விட்டிட்டன். எல்லா வீடியோவிலயும் அதைத்தானே போடுறாங்கள்.

கோவை_ஈசியு எழுதினது:

மன்னிப்பெல்லாம் எதுக்குங்க, பத்துல ஆறு பேரு இத சொல்ல மறப்பாங்க. இப்ப ரெண்டு சீக்கும் ஒரே எடத்துல இருக்கலாம், பொறுமையாப் படிங்க.

உங்க வண்டில எம்ஏஎஃப் ஃபில்டருக்குப் பக்கத்துல, டர்போக்கு முன்னாடி இருக்குது. அங்க காத்து அளந்தாச்சு, ஈசியு அதுக்குண்டான பெட்ரோலக் கணக்குப் போட்டாச்சு. அப்பறம் நீங்க காலை எடுக்கறீங்க, வால்வ் தெறக்குது, அளந்த காத்து புஸ்ஸுன்னு ரோட்டுக்குப் போயிருது. பெட்ரோல் மட்டும் இன்ஜின் உள்ள போவுது. அதான் 10, அதான் லைட்ல ஆஃப் ஆவறது. கம்பனிக்காரன் அந்த காத்த டர்போக்கு முன்னாடியே திருப்பி விட்டது சத்தம் வரக்கூடாதுன்னு மட்டுமில்ல, அளந்த காத்து கணக்குலயே இருக்கணும்னுதான்.

ரெண்டாவது, அந்த வால்வுக்கு மேல போற சின்ன ஹோஸ் மேனிஃபோல்டுல இருந்து வருது இல்லீங்களா, ஸ்லோவுல அங்க வேக்கம் நெறைய இருக்கும். ஸ்ப்ரிங் மெலிசா இருந்தா அந்த வேக்கமே வால்வத் தூக்கிப் புடிச்சுக்கும். வால்வ் லேசாத் தெறந்தபடி இருக்கும், அது வழியா அளக்காத காத்து உள்ள வரும். இதக் கண்டுபுடிக்க மெஷினெல்லாம் வேண்டாங்க. வண்டி சூடாகி ஸ்லோவுல ஆடறப்ப ஒரு டிஷ்யூ பேப்பரக் கிழிச்சு வால்வ் வாய்கிட்ட புடிங்க. பேப்பர் போய் ஒட்டிக்கிச்சுன்னா வால்வ் தெறந்திருக்குது. ஃபேன்ல மாட்டிக்காம கையப் பாத்துக்கோங்க.

மார்க்கம்_சிவா எழுதினது:

தம்பி, நான் மார்க்கம். உமக்குக் கிட்டத்தான். என்னட்ட கன்சல்ட் கேபிளும் (நிசான் ஈசியுவில இருந்து நம்பர் படிக்கிறது) டைமிங் லைட்டும் (பிளக் பொறி வாற நேரம் பாக்கிறது) இருக்கு, சனிக்கிழமை ஏலுமெண்டா காரைக் கொண்டுவாரும், பாப்பம். வரேக்க கம்பனி வால்வையும் எடுத்துக்கொண்டு வாரும், எறிஞ்சிருக்க மாட்டீர் எண்டு நினைக்கிறன்.

இன்னொரு விசயம். என்ன பெற்றோல் அடிக்கிறீர்? ஜப்பான்ல இந்தக் காருக்கு எழுதின மேப் (ஈசியுக்குள்ள இருக்கிற நம்பர் அட்டவணை), அங்க பம்பில விக்கிற 100 ஆக்டேனுக்கு எழுதினது. இஞ்ச பம்பில போட்டிருக்கிற 91 எண்டுறது வேற கணக்கு, அது அங்கத்தே 95, 96க்குத்தான் வரும். பெற்றோ கனடாவில 94 இருக்கு, அதையே அடியும். ஐடிலுக்கு இது காரணம் இல்லை, ஆனா டியூன் எண்டு கதை வந்தபடியாச் சொல்லிறன், 15 பிஎஸ்ஐல 91 அடிச்சு நொக் (பெற்றோல் நேரங்கெட்டு வெடிக்கிறது) வந்து பிஸ்டன் போனா 900 டொலர்ல முடியாது.

ஸ்காபரோ_சில்வியா எழுதினது:

சனிக்கிழமை போட்டு வந்தன், விபரமா எழுதிறன், ஆருக்கும் உதவும்.

முதல் டிஷ்யூ. சிவா அண்ணையின்ட டிரைவ்வேயில விட்டு சூடாக்கி, ஆடத் தொடங்கினதும் பேப்பரைப் பிடிச்சன். ஒரு அங்குலம் கிட்டப் போக முதலே என்ட விரலில இருந்து இழுத்துக்கொண்டு போய் வால்வ் வாயில ஒட்டீட்டுது! ஒட்டின நேரம் பேப்பர் வாயை அடைச்சபடியா ஆட்டம் நிண்டு 900ல அப்பிடியே நிண்டது. பேப்பரை எடுத்தா திரும்ப ஆடுது. ரெண்டு பேரும் அஞ்சு தரம் செய்து பாத்தம், அஞ்சு தரமும் அதேதான். நாலு கிழமையா நான் தேடினதை ஒரு துண்டுப் பேப்பர் காட்டிப்போட்டுது.

அங்கயே கம்பனி வால்வைத் திருப்பிப் பூட்டினம், ஒரு மணித்தியால வேலை. லைட்டில நிக்கிற கரைச்சல் முழுசாப் போட்டுது. காலை எடுத்தா வைட்பேண்ட் இப்ப 10க்குப் போறதே இல்லை.

டைமிங் லைட் பிடிச்சுப் பாத்தம் (காயிலுக்கும் பிளக்குக்கும் இடையில ஒரு வயர் போட்டுத்தான் பிடிக்கவேணும், காயில் நேரா பிளக்கில இருக்கிறபடியா), 15 டிகிரி, சரியா இருக்கு. த்ராட்டில் சென்சர் மூடின நிலையில 0.48 வோல்ட், அதுவும் சரி.

ஆனா இன்னும் ஒண்டு மிஞ்சி இருக்கு. ஃபானும் லைட்டும் போட்டா 900ல இருந்து 650க்கு இறங்கி நடுங்குது, நிக்கேல்ல, ஆனா ஸ்டியரிங் கையில அதிருது. அப்ப கன்சல்ட்டில பேட்டரி 12.9 வோல்ட் காட்டுது, ஆல்ஃபா எண்டுறது (ஈசியு பெற்றோலைத் திருத்துற சதவீதம், 100 எண்டா திருத்தம் இல்லை) 120க்கு மேல போகுது. எல்லாத்தையும் நிப்பாட்டினா 13.9, ஆல்ஃபா 101. லாக் ஃபைலும் மேப் ஃபைலும் கோவை அண்ணைக்கு அனுப்பியிருக்கிறன்.

கோவை_ஈசியு எழுதினது:

ஃபைல் பாத்தேனுங்க. இப்பத்தான் டியூன் பத்திப் பேச வேண்டிய நேரம்.

480 சிசி கம்பனி இன்ஜெக்டர எடுத்துட்டு 740 போட்டா ஈசியுல முக்கியமா ரெண்டு நம்பர் மாத்தோணும். ஒண்ணு கே கான்ஸ்டன்ட் (இன்ஜெக்டர் அளவுக்கான நம்பர்), 480ஐ 740ஆல வகுத்தா 0.649, பழைய கே நம்பர அதால பெருக்கோணும். இத அந்தக் கடைக்காரங்க சரியாப் பண்ணீருக்காங்க. ரெண்டாவது லேட்டன்சி, இன்ஜெக்டருக்குக் கரண்டு குடுத்த நொடில இருந்து அது நெசமாத் தெறக்கறதுக்கு ஆவற நேரம். இதத் தொடவே இல்லீங்க. கம்பனி இன்ஜெக்டரோட நம்பர் அப்படியே கெடக்குது. அதுக்குப் பதிலா ஃப்யூயல் மேப்ல ஸ்லோ வர்ற கட்டங்கள்ல மட்டும் கையில ஏத்தி வெச்சுருக்காங்க, பக்கத்துக் கட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம மேடு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது.

இது ஏன் ஸ்லோவுல மட்டும் கடிக்குதுன்னு ஒரு கணக்குப் போடறேன். கம்பனி இன்ஜெக்டர் ஸ்லோவுல 1.3 மில்லி செகண்ட் பெட்ரோல் ஊத்துதுன்னு வெச்சுக்குங்க, 740க்கு அதே பெட்ரோல் 0.84 மில்லி செகண்ட்ல ஊத்திரும். லேட்டன்சில 0.15 தப்பா இருந்தா 0.84ல அது 18 சதவீதம். முழு பூஸ்ட்ல 8 மில்லி செகண்ட் ஊத்தும்போது அதே 0.15 ரெண்டு சதவீதம்கூட இல்ல. அதனாலதான் 11.4 வடிவா நிக்குது, நீங்களும் டியூன் நல்லா இருக்குதுன்னு நம்பிக்கிட்டு இருந்தீங்க. அதே நியாயந்தான், ஓட்டைக்குச் சொன்னது இதுக்கும் பொருந்துது.

இப்ப வோல்டேஜ். பேட்டரி வோல்ட் எறங்குனா இன்ஜெக்டர் இன்னும் லேட்டாத் தெறக்கும், அத ஈடு கட்ட ஈசியுல வோல்ட்டுக்கு ஒரு திருத்தம் இருக்குது, அதுவும் பழைய இன்ஜெக்டருக்கானது. அதனால 12.9க்கு எறங்குனதும் பெட்ரோல் பத்தாம போவுது, ஆக்சிஜன் சென்சாரப் பாத்து ஈசியு ஆல்ஃபாவ 120க்கு மேல ஏத்தி சமாளிக்கப் பாக்குது. 125 வரைக்குந்தான் அது போவும், அதுக்கப்பறம் கை விட்ரும்.

ஆனா லேட்டன்சியத் தொடறதுக்கு முன்னாடி, 13.9ல இருந்து 12.9 வரைக்கும் ஏன் எறங்கோணும்? ஒரு ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஒரு வோல்ட் ஜாஸ்திங்க. அஞ்சு மாசம் கராஜ்ல நின்ன வண்டி. மல்டிமீட்டர வோல்ட்ல வெச்சு ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்ன இன்ஜின் பிளாக்லயும் வெய்யுங்க, ஃபேனும் லைட்டும் போட்டு வண்டி ஓடும்போது. 0.1க்கு மேல காட்டுச்சுன்னா எர்த் சரியில்ல. மேனிஃபோல்டுல ஈசியுவோட எர்த் வந்து போல்ட் ஆயிருக்கும், அதையும் கழட்டிப் பாருங்க. எர்த் சுத்தம் பண்ணி லாக் அனுப்புங்க, அப்பறம் நம்பர் எழுதலாம். வரிசை மாத்தாதீங்க.

கிள்ளான்_டர்போ எழுதினது:

இந்த லேட்டன்சி விசயம் எனக்கும் புதுசு லா. நம்ம காடில 550 போட்டப்ப இதை யாரும் கேக்கவே இல்ல, வைப்பர் போட்டா ஐடில் லேசா இறங்கும், பழசுன்னு நெனச்சு விட்டுட்டேன். இன்ஜெக்டர் வாங்குற எடத்துலயே வோல்ட் வாரியா லேட்டன்சி பேப்பர் குடுப்பாங்களா, இல்ல நம்மளே தேடணுமா?

கோவை_ஈசியு எழுதினது:

நல்ல கம்பனி இன்ஜெக்டர்னா எந்த பிரஷர்ல, எந்த வோல்ட்டுக்கு எவ்வளவுன்னு அட்டவணை குடுப்பாங்க. அது இல்லாத இன்ஜெக்டர், வெல கொறைவுனு வாங்குனா, ஸ்லோவுல உக்காந்து மணிக்கணக்கா நாமளே கண்டுபுடிக்கோணும். நான் என்கிட்ட வர்ற பசங்ககிட்ட சொல்றது, அட்டவணை இல்லாத இன்ஜெக்டர வண்டில மாட்டவே மாட்டாதீங்கன்னு.

ஸ்காபரோ_சில்வியா எழுதினது:

அண்ணை சொன்ன வரிசையிலேயே செய்தன்.

மீட்டர் 0.62 காட்டினது. பிளாக்குக்கு வாற எர்த் வயரின்ட முனையைக் கழட்டினா வளையத்துக்கு அடியில பச்சையாப் பூத்திருக்கு, நகத்தால சுரண்ட மாவா உதிருது. புது வயர் போட்டு, போல்ட் இருக்கிற இடத்தைப் பளபளக்கும் வரைக்கும் தேய்ச்சு, மேனிஃபோல்டில இருக்கிற ரெண்டு எர்த்தையும் அதே மாதிரிச் செய்தன். இப்ப 0.04. ஃபானும் லைட்டும் போட்டா 13.6.

அதோடயே நடுக்கம் முக்கால்வாசி போட்டுது. பிறகு இன்ஜெக்டர் பெட்டிக்குள்ள இருந்த பேப்பரை ஃபோட்டோ எடுத்து அனுப்ப, அண்ணை லேட்டன்சியும் வோல்ட் திருத்தமும் எழுதி, அந்த மேட்டைத் தட்டி, புது ஃபைல் அனுப்பினவர். சிவா அண்ணையோட இருந்து ஏத்தினம். சூடான பிறகு எல்லாம் போட்டு 880, ஆல்ஃபா 98க்கும் 103க்கும் இடையில. எக்லிண்டன்ல கென்னடியில இருந்து வார்டன் வரைக்கும் பின்னேர ட்ராஃபிக்கில ஓடினன், ஒரு லைட்டிலயும் நிக்கேல்ல.

கோவை அண்ணை காசு ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லீட்டார். கிள்ளான் அண்ணா, உங்கட 550க்கு பேப்பர் தேடிப்பாருங்கோ, கிடைச்சா இஞ்சயே போடுங்கோ.

கோவை_ஈசியு எழுதினது:

சந்தோசமுங்க தம்பி. ஒரு வேல பாக்கி. ஸ்லோ கட்டங்கள நான் தட்டி விட்டுட்டேன், ஆனா 2000ல இருந்து 2800 வரைக்கும் லேசான மிதில போற எடத்த வண்டிய ஓட்டித்தான் பாக்கோணும். ஹைவேல நூறுல சீரா இருபது நிமிசம் ஓட்டி லாக் எடுத்து அனுப்புங்க, ஆல்ஃபா 95க்குக் கீழ போச்சுன்னா அங்கயும் கையில ஏத்தி வெச்சுருக்காங்கன்னு அர்த்தம். 94 பெட்ரோல் அடிச்சுட்டு எடுங்க.